ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை என்றால் பின்வாங்கிப்போனேன் என்று அர்த்தமா?

சகோதரரே, பிறகு வந்து வாசிப்பவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் சிப் தயாரிக்கும் ஆலையில் 12 மணி நேர ஷிஃப்ட், நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஆஃப். ஈசூனில் நண்பர்களோடு வாடகை வீடு. ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருடம். முதல் இரண்டு வருடம் ஜெபத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. இப்போது ஐந்து நிமிடத்துக்குள் கை போனைத் தேடுகிறது. வேதம் வாசித்தால் ஒன்றும் ஒட்டுவதில்லை. மாதத்தில் பாதி ஞாயிறு ஆராதனை தவறுகிறது. அறைத்தோழர் வேறொரு சபைக்கு வரச் சொல்கிறார், அங்கே அபிஷேகம் (ஆவியின் வல்லமை) அதிகமாம். "நான் பின்வாங்கிப் போய்விட்டேனா, எப்படி நிலைத்திருப்பது?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உணர்வு வற்றிப்போனது எதற்கு அடையாளம் என்பது ஒன்று. இந்த வேலை நேரத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பது இன்னொன்று. சபை மாறலாமா என்பதை நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். ஞானஸ்நான வகுப்பும் வேதபாடமும் பல வருடம் நடத்தியதில் படித்ததையும் கவனித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன். நான் மருத்துவன் அல்ல, உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. அது குறுக்கே வரும் இடத்தில் சொல்லிவிடுவேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். ஜெபத்தில் வறட்சி புதிதாக உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. சங்கீதங்கள் 150இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டே தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசி வசனத்தில்கூட ஒரு விடியல் இல்லை. அதையும் சபை ஜெபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்து 399இல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, நடுப்பகலில் வரும் ஒரு சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றுமாம், ஒரு பகல் ஐம்பது மணி நேரம்போல நீளுமாம், துறவி சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதா என்று வெளியே வந்து வெளியே வந்து வானத்தைப் பார்ப்பானாம். நாம் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அதே சோர்வு அடுத்து என்ன சொல்லும் என்பதையும் அவர் எழுதுகிறார்: இங்கே இருக்கும் சகோதரர்களிடம் அன்பு இல்லை, வேறு இடத்துக்குப் போனால் எல்லாம் சரியாகும், தேவனை எங்கே இருந்தாலும் தொழலாம் அல்லவா. சபை மாறும் விஷயத்துக்கு வரும்போது இந்த வரி வேண்டியிருக்கும்.

மெதடிஸ்ட் குடும்பங்களில், அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் அவருடைய உள்ளம் அனல்கொண்டது. சாட்சி சொல்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏழு மாதம் கழித்து 1739 ஜனவரியில், நான் இப்போது ஒரு கிறிஸ்தவனே அல்ல என்று அவரே நாட்குறிப்பில் எழுதியதை யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் அவர் பிரசங்கித்தார். உள்ளம் அனல்கொள்வதை மட்டும் சாட்சியாகக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு, குளிர்ந்த நாள் வந்தவுடன் எல்லாம் போய்விட்டதாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. இது சாட்சி சொல்லும் நம் வழக்கத்தில் உள்ள குறை.

ஆனாலும் வறட்சியும் பின்வாங்குதலும் ஒன்றல்ல. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவை யோவான் இரண்டையும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் தருகிறார். தேவ காரியங்களில் சுவை இல்லை, ஆனால் மற்ற எதிலும் சுவை இல்லை என்பது முதலாவது. தேவனைச் சரியாகச் சேவிக்கவில்லையே என்ற கவலை மனதை விட்டுப் போகவில்லை என்பது இரண்டாவது. முன்புபோல் தியானிக்க முயன்றும் முடியவில்லை என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்திருந்தால் அதை அவர் அலட்சியத்தின் கணக்கில் எழுதுவதில்லை. பின்வாங்கிப் போகிறவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது இருக்காது. ஜெபம் விட்டுப்போனது உறுத்தாது, வேறு ஏதோ ஒன்று இனிக்க ஆரம்பித்திருக்கும். எபிரெயர் 2:1இல் "விட்டுவிலகாதபடிக்கு" என்று வரும் இடத்தில், மூலமொழிச் சொல்லுக்கு நீரோட்டத்தில் நழுவிப்போவது என்ற பொருள் உண்டு. நழுவுகிறவருக்கு அது தெரியாது. நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதிக் கேட்டிருப்பதே நல்ல அறிகுறி என்பேன். ஆனால் இது சான்றிதழ் அல்ல. ஒரு கேள்வியை உங்களிடமே நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள்: யாருக்கும் தெரியாமல் ஏதாவது நடந்துகொண்டிருக்கிறதா? ஆன்லைன் சூதாட்டம், கடன், ஆபாசப் படம், சொல்ல முடியாத ஓர் உறவு, அறையில் யாரோடாவது ஆறாத பகை. அப்படி ஒன்று இருந்தால் கீழே எழுதப்போகும் நேர அட்டவணை எதுவும் வேலை செய்யாது. அதை யாக்கோபு 5:16 சொல்கிறபடி நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வதுதான் முதல் வேலை. கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவு அருட்சாதனம் இதற்காகவே இருக்கிறது.

"அப்படியானால் என் இரட்சிப்பு போய்விடுமா" என்ற பயம் உங்கள் கேள்விக்கு அடியில் ஓடுவது தெரிகிறது. இதில் சபைகள் ஒருமனப்படவில்லை. தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் முடிவில் விழுந்துபோவதில்லை என்று 1618-19இல் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் மாமன்றம் தீர்மானித்தது. வெஸ்லி அதை ஏற்கவில்லை. விசுவாசி விழுந்துபோகக்கூடும் என்றே போதித்தார். முடிவுவரை நிலைத்திருப்பது தேவன் தரும் வரம், அதைத் தன்னிடம் உண்டு என்று எவரும் முன்கூட்டி நிச்சயித்துக்கொள்ள முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து சங்கத்தில் அறிக்கையிட்டது. விழுந்துபோனவர்களைப் பற்றிப் பேசும் எபிரெயர் 6:4-6ஐ வைத்து நானூறு வருடமாக நடக்கும் வாதத்தை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒன்று இருக்கிறது, அது உங்களுக்குப் போதும். முடிவுபரியந்தம் நிலைநிற்க வேண்டும் என்று மத்தேயு 24:13 சொல்கிறது. தொடங்கினவர் முடிய நடத்திவருவார் என்று பிலிப்பியர் 1:6 சொல்கிறது. இரண்டையும் பிலிப்பியர் 2:12-13 ஒரே மூச்சில் சொல்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் நாளை காலை நீங்கள் செய்ய வேண்டியது மாறாது.

இனி உடம்பு. ஆவிக்குரிய விஷயத்தில் உடம்பைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, சாகவேண்டும் என்று ஜெபிக்கிறார். தேவதூதன் வந்து கடிந்துகொள்ளவில்லை, போதிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறார். இரண்டாம் முறையும் சாப்பாடு. மெல்லிய சத்தம் கேட்பது அதற்கெல்லாம் பிறகுதான். 12 மணி நேரம் பாதுகாப்பு உடையில் நின்று, இரவு ஷிஃப்ட் முடிந்து, காலை எட்டரை மணிக்கு அறைக்கு வந்து, "இப்போது முழங்காலில் நின்றால் ஏன் மனம் ஒட்டவில்லை" என்று கேட்டால், பதில் தூக்கம். அந்த நேரத்தில் ஒரே வாக்கியம் போதும்: நன்றி ஆண்டவரே, என்னைக் காத்துக்கொள்ளும். திரையை இழுத்துவிட்டுப் படுங்கள்.

விதி சுலபம்: ஜெபம் ஷிஃப்டுக்கு முன், பின்னால் அல்ல. பகல் ஷிஃப்ட் என்றால் முகம் கழுவியதும், டீ போடுவதற்கு முன். இரவு ஷிஃப்ட் என்றால் மாலை எழுந்ததும். கடிகாரத்தைப் பார்த்து "காலை ஐந்து மணி" என்று வைத்துக்கொண்டால் ஷிஃப்ட் மாறும் நாளிலேயே அது உடையும். "எழுந்ததும்" என்று வைத்துக்கொண்டால் காலை எழுந்தாலும் மாலை எழுந்தாலும் நிற்கும். அதிகாலை ஜெபம்தான் ஜெபம் என்ற எண்ணம் நம் ஊர்ச் சபைகளில் ஆழமாக இருக்கிறது. நல்ல வழக்கம்தான், ஆனால் அது சூரியனோடு எழுந்து சூரியனோடு படுத்தவர்கள் உண்டாக்கிய வழக்கம்.

எவ்வளவு நேரம்? வேலை நாளில் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். மூன்று நிமிடம் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு, மெதுவாக. இருபது வசனத்துக்கு அது போதும். அதில் ஒரே ஒரு வசனத்தை எடுத்து இரண்டு நிமிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் மூன்று பேருக்காக, பெயர் சொல்லி. கடைசி நிமிடம் கர்த்தருடைய ஜெபம். பத்து நிமிடம் முடிந்ததும் இன்னும் இருக்கலாம்போல் தோன்றினாலும் வேலை நாளில் எழுந்துவிடுங்கள். நன்றாக இருந்த நாளில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர், மறுநாள் பத்து நிமிடத்தைத் தோல்வியாக எண்ணி அதையும் விடுவார். பெரும்பாலானவர்கள் விழுவது இங்கேதான். சோம்பலால் விட்டவர்களைவிட, எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் என்று தீர்மானித்து விட்டவர்கள்தான் அதிகம்.

ஆஃப் நாள் நான்கிலும் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அதில் புதிய ஏற்பாட்டில் இரண்டு அதிகாரம். 16 அதிகாரமுள்ள மாற்கு, 4 அதிகாரமுள்ள பிலிப்பியர், 13 அதிகாரமுள்ள எபிரெயர் என்று தொடங்குங்கள். மாற்கு வேகமாக ஓடும் சுவிசேஷம். பிலிப்பியர் சிறையிலிருந்து எழுதியது. எபிரெயர் உங்களைப்போலக் களைத்துப்போனவர்களுக்கே எழுதப்பட்டது. மொத்தம் 33 அதிகாரம், எட்டு நாள் சுற்றுக்கு எட்டு என்றால் நான்கு சுற்றும் ஒரு நாளும் ஆகும். அதே கணக்கில் புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரத்தையும் எட்டரை மாதத்தில் முடிக்கலாம். வேலை நாளுக்கு ஒரு சங்கீதம் என்றால் பத்து மாதத்தில் 150ம் முடியும். 176 வசனமுள்ள 119ஐ மட்டும் எட்டெட்டு வசனமாகப் பிரித்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடத்தில் முழு வேதாகமம் என்ற திட்டத்தை இப்போது தொடவேண்டாம் என்பது என் கருத்து. 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்றுக்கு மேல். நான்கு வேலை நாள் விட்டுப்போனால் பதின்மூன்று அதிகாரம் பாக்கி. யாத்திராகமம் பிற்பாதியில் ஆசரிப்புக்கூடாரத்தின் அளவுகள் வரும்போதும், லேவியராகமத்தில் பலிகளின் முறைகள் வரும்போதும் அந்தப் பாக்கி மலையாகிவிடும், பிப்ரவரியோடு திட்டம் நிற்கும். நீங்கள் எதைப் பின்பற்றினாலும் ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்: தவறிய நாளை அடைக்க முயலாதீர்கள். இன்றைய பகுதியை வாசித்துவிட்டு நகருங்கள். வேதவாசிப்பை வங்கிக் கடன்போல் ஆக்கியவர்கள் வங்கியைக் கண்டு ஒளிவதுபோல் அதைக் கண்டும் ஒளிகிறார்கள்.

"ஒட்டவில்லை" என்றீர்களே, அதற்கு மொழியும் ஒரு காரணமாக இருக்கலாம், இதை யாரும் சொல்வதில்லை. நம் சபைகளில் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். "பரியந்தம்", "நிமித்தம்", "பிரகாரம்" என்று நீண்டுபோகும் வாக்கியத்தில், களைத்த மூளை எழுவாயைத் தேடுவதற்குள் வசனம் முடிந்துவிடும். சிங்கப்பூரில் பள்ளித் தமிழ் மட்டும் படித்த இளையவர்களுக்கு இது இன்னும் கடினம். எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றையோ, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியத்தையோ முதலில் வாசியுங்கள். பொருள் பிடிபட்டதும் அதே பகுதியைப் பழைய மொழிபெயர்ப்பில் வாய்விட்டு வாசியுங்கள். மனப்பாடத்துக்கும் ஜெபத்துக்கும் பழையதன் ஓசைக்கு ஈடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கீதங்களைப் பழையதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மனம் ஓடுவது பற்றி. அதை நிறுத்த முடியாது, திரும்பக் கூட்டிவர மட்டும் முடியும். பத்து நிமிடத்தில் முப்பது முறை ஓடினால் முப்பது முறை கூட்டிவாருங்கள், அதுவே அன்றைய ஜெபம். போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. வாசலில் காலணி அலமாரியின்மேல் வையுங்கள். வேதாகமச் செயலி வசதிதான், ஆனால் அதே திரையில்தான் வாட்ஸ்அப் மணியும் அடிக்கிறது. அச்சிட்ட புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு துண்டுத் தாள், ஒரு பென்சில். "ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும்", "சூப்பர்வைசரிடம் லீவு கேட்க வேண்டும்" என்று நினைவு குறுக்கே வந்தால் இரண்டு சொல்லில் எழுதிவையுங்கள், மனம் அதை விட்டுவிடும். அந்த மூன்று நிமிட ஜெபத்தில் அதே தாளைப் பார்த்து ஒவ்வொன்றையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பகிர்ந்துகொள்ளும் அறையில் வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சமாக இருந்தால் நடந்துகொண்டே ஜெபியுங்கள். ஈசூன் குளத்தைச் சுற்றியோ, பூங்கா இணைப்புப் பாதையிலோ இருபது நிமிடம் உதடு அசைத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை, காதில் ஏதோ மாட்டிக்கொண்டு பேசுவதாக நினைப்பார்கள். வேலையிடத்தில், லூக்கா 18:13இல் ஆயக்காரன் சொன்ன ஒற்றை வரி போதும்: தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.

எழுதிவைத்த ஜெபத்தை வாசிப்பது ஜெபமே அல்ல என்று சில சபைகளில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சங்கீதங்களே எழுதிவைத்த ஜெபங்கள்தான். சொந்த வார்த்தை வற்றிப்போன காலத்தில், பிறர் எழுதிய வார்த்தையில் ஏறி நிற்பதில் பொய் ஒன்றும் இல்லை.

ஞாயிறு விஷயத்தில் உங்கள் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. மாதத்தில் பாதி என்கிறீர்கள். நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஆஃப் என்றால் சுற்று எட்டு நாள், வாரம் ஏழு நாள். ஒவ்வொரு வாரமும் ஞாயிறு உங்கள் சுற்றில் ஒரு நாள் முன்னால் நகரும். ஆகவே 56 நாளில் வரும் எட்டு ஞாயிறுகளில் நான்கு தொடர்ந்து வேலையிலும் அடுத்த நான்கு தொடர்ந்து ஆஃபிலும் விழும். ஒன்றுவிட்டு ஒன்று தவறுவது வேறு, ஒரு மாதம் முழுக்கக் காணாமல் போவது வேறு. நான்கு வாரம் கழித்து வந்தால் வாசலிலேயே "என்ன பிரதர், ஆளையே காணோம்?" என்பார்கள். கேட்பவர் அன்பாகத்தான் கேட்பார், ஆனால் அந்தக் கேள்விக்குக் கூசியே ஐந்தாவது ஞாயிறும் வராமல் போனவர்கள் உண்டு. அதனால் ரோஸ்டர் (ஷிஃப்ட் அட்டவணை) கையில் கிடைத்தவுடன் ஆறு மாதத்துக்கு ஞாயிறுகளைக் குறித்து, போதகருக்கும் செல் குரூப் (சபையின் சிறு குழு) தலைவருக்கும் அனுப்பிவிடுங்கள். வராத மாதம் எது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். அந்த மாதத்தில் ஆஃப் நாளில் விழும் வார நாள் ஜெபக்கூட்டம் ஒன்றையாவது பிடியுங்கள். கத்தோலிக்கர்களுக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடமையை நிறைவேற்றும். பல ஆங்கிலச் சபைகளிலும் சனிக்கிழமை மாலை ஆராதனை உண்டு. தமிழ் ஆராதனையின் நிறைவு கிடைக்காது, ஆனாலும் திருவிருந்து கிடைக்கும், பக்கத்தில் மனிதர்கள் இருப்பார்கள். நேரலையைப் பார்ப்பது ஒன்றுமில்லாததைவிட நல்லது. அதன் குறை ஒன்றுதான்: நீங்கள் பாதியில் எழுந்துபோனால் அங்கே யாருக்கும் தெரியாது. எபிரெயர் 10:24-25 கூடிவருவதற்குச் சொல்லும் காரணம் ஒருவரையொருவர் கவனித்துப் புத்திசொல்வது. அது திரைவழியாக நடப்பதில்லை.

அந்தக் கவனிப்பு எப்படி நடக்கலாம் என்பதற்கு மெதடிஸ்ட் வரலாற்றிலேயே ஒரு மாதிரி இருக்கிறது. 1742இல் பிரிஸ்டல் நகரில் ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவெடுத்து, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வசூலித்தார்கள். போனவர்கள் காசோடு செய்தியும் கொண்டுவந்தார்கள்: இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் சண்டை. இதுதான் தேவையானது என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார், வாராந்தர வகுப்புக் கூட்டம் பிறந்தது. 1885இல் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு மெதடிஸ்ட் ஊழியத்தைக் கொண்டுவந்தவர்கள் இந்த மரபில் வந்தவர்களே. உங்களுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். ஒருவராவது உங்களைவிட வயதில் மூத்தவராகவும், ஷிஃப்ட் வேலை என்றால் என்ன என்று தெரிந்தவராகவும் இருந்தால் நல்லது. எட்டு நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம், நேரில் அல்லது தொலைபேசியில். ஜெபித்தாயா, வாசித்தாயா, எதில் விழுந்தாய், நான் எதற்காக ஜெபிக்கட்டும் என்ற நான்கு கேள்விகள். அறிவுரை வேண்டாம். காலையில் வசனப் படம் வந்து விழும் வாட்ஸ்அப் குழுவை இதற்குப் பதிலாகக் கணக்கில் எடுக்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: நீங்கள் சொன்ன இரகசியத்தை வைத்து உங்களை ஆட்டிவைக்கிறவர், பணம், திருமணம், வேலை எல்லாவற்றிலும் தன் அனுமதி வேண்டும் என்கிறவர், குடும்பத்தாரிடமோ வேறு போதகரிடமோ பேசக்கூடாது என்கிறவர், இப்படிப்பட்டவர் எந்தச் சபையில் இருந்தாலும் விலகிவிடுங்கள்.

இப்போது அறைத்தோழரின் அழைப்பு. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தந்த விதி இதற்குப் பொருந்தும்: மனம் வறண்ட காலத்தில், நல்ல காலத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. அந்தச் சபை தவறானது என்று நான் சொல்லவில்லை, அதைப் பற்றி எனக்குத் தெரியாது. ஒரு முறை போய் ஆராதித்துவிட்டு வருவதிலும் தப்பில்லை. ஆனால் வறட்சிக்கு மருந்தாகச் சபை மாறினால், அங்கேயும் ஆறாவது மாதம் இதே வறட்சி வரும்போது அடுத்த சபையைத்தான் தேடத் தோன்றும். எவாக்ரியுஸ் சொன்னது இதைத்தான். இப்போதைய சபையில் போதனை பிறழ்ந்திருக்கிறது, அநியாயம் நடக்கிறது என்றால் அது வேறு பேச்சு. அதற்கு வறட்சி தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இஞ்ஞாசியார் இன்னொன்றும் சொல்கிறார்: வறண்ட நாளில் ஜெபத்தைக் குறைக்காதே, குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே இரு. துறவிகளுக்கும் தியானத்தில் இருப்பவர்களுக்கும் சரி, உங்கள் ஆஃப் நாளுக்கும் சரி. வேலை நாளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உபவாசம் இருந்தால் தடை உடையும் என்று யாராவது சொல்வார்கள். உபவாசம் வேதத்தில் உள்ளது, மத்தேயு 6:16-18 அதை எப்படிச் செய்வது என்றும் சொல்கிறது. ஆனால் இத்தனை நாள் இருந்தால் இன்னது நடக்கும் என்ற கணக்கு அங்கே இல்லை. இயந்திரங்களோடும் ரசாயனங்களோடும் 12 மணி நேரம் நிற்கிறவர் வேலை நாளில் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசிப்பது ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து. ஆஃப் நாளில் ஒரு வேளை உணவை விடுங்கள். நீரிழிவோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதையும் செய்யாதீர்கள். உங்கள் விஷயத்தில் ஆஃப் நாள் ஒன்றில் போனை அணைத்து வைப்பது பெரிய உபவாசமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

என் எல்லை குறுக்கிடும் இடம் இது. ஜெபத்தில் மட்டும் அல்லாமல் எதிலுமே ஆர்வம் இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஓயவில்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிலுவை யோவானின் முதல் அடையாளமும் இதுவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உங்கள் எழுத்தை மட்டும் வைத்து இரண்டையும் என்னால் பிரிக்க முடியாது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள், அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் எஸ்ஓஎஸ் உதவி எண் 1767ஐ அழையுங்கள். விசுவாசம் இருந்தால் மனச்சோர்வு வராது என்று யாராவது சொன்னால், லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த ஸ்பர்ஜன் வாழ்நாள் முழுக்க அதோடு போராடினார், அதை மறைக்கவும் இல்லை என்று சொல்லுங்கள். மாத்திரையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல.

பழைய உணர்வு எப்போது திரும்பும் என்று கேட்டால், அதற்கு நாள் குறிக்க யாராலும் முடியாது. சிலருக்கு வாரங்களில் திரும்பியிருக்கிறது, சிலருக்கு வேறு வடிவத்தில், அமைதியாக. ஆறு சுற்று, அதாவது 48 நாள், மேலே சொன்ன அளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் செய்து பாருங்கள். உணர்வைக் குறித்து வைக்காதீர்கள், செய்தேன், செய்யவில்லை என்று மட்டும் நாட்காட்டியில் ஒரு கோடு. 48இல் 30 கோடு இருந்தால் அது நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். அதற்கும் கீழே போனால் பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறையுங்கள், விடாதீர்கள். பகலும் இரவும் ஒவ்வொரு சுற்றிலும் மாறுகிறதா, சில மாதங்களுக்கு ஒரு முறை மாறுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே சுற்றுக்குள் இரண்டு பகல், இரண்டு இரவு என்று வருமானால், இடையில் ஷிஃப்ட் மாறும் நாளில் சங்கீதத்தை விட்டுவிட்டுக் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் தூக்கம்தான் முக்கியம். ரோஸ்டரைப் பார்த்து எழுதுங்கள், ஞாயிறுக் கணக்கை இன்னும் சரியாகப் போட்டுத் தருகிறேன்.